பழைய விண்டோஸுக்குத் திரும்பலாமா?



கணனிப் பாடப் பக்கத்தில் இம்முறை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக் கொள்கிறோம். புதிய விண்டோஸ் போட்டு வேலை கெட்டுப் போனால் பழையதற்கே திரும்பி விடலாமா? கேட்டவர் பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது அக்கரைப்பற்றில் ஒரு கடையில் வேலை செய்யும் நம் தம்பி ஒருவர். போட்டோ கொப்பி, கலியாண அழைப்பிதழ், த்ரீவீலருக்கு ஸ்டிக்கர் வெட்டுவது, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களின் ஒப்படைகளை அச்சிட்டுக் கட்டிக் கொடுப்பது எல்லாம் நடக்கிற கடை. இரண்டு கணனிகள். ஒன்று 2019இல் விண்டோஸ் 10 உடன் வாங்கியது. மற்றது மூலையில் கிடக்கிற பழைய விண்டோஸ் 7.

2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதைப் பற்றிய அறிவித்தல் திரையில் வந்து கொண்டேயிருக்க, 18ஆந் திகதி சனிக்கிழமை மாலை தம்பி விண்டோஸ் 11க்கு மாற்றுகிற பொத்தானை அமுக்கி விட்டுத் தீபாவளிக்கு வீட்டுக்கு பஸ் ஏறி விட்டார். முதலாளியிடம் கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் கணனியோடு பேச மறுக்கிறது, பிரின்டர் வேலை செய்யவில்லை, கணனி ஆமை போல நகர்கிறது. முதலாளி கோபத்தின் உச்சியில்.

போனில் அவர் சொன்னதை அப்படியே தருகிறோம். "அண்ணே, மொதலாளி நாளான்னைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் அழிச்சிட்டு ஏழு போடப் போறாராம். ஸ்டிக்கர் ஓடர் போன காச எஞ் சம்பளத்துல புடிப்பேங்குறாரு. நா வேணாம்னு சொன்னா கேப்பாரா?"

ஒலுவிலில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவரைப் பார்க்கும் வேலை எங்களுக்கும் இருந்தது. 25ஆந் திகதி சனிக்கிழமை அக்கரைப்பற்றில் இறங்கினோம்.

கடைக்குள் போகுமுன் ஒரு விளக்கம். நம் பக்கத்தை வாசிக்கிற தாய்மார் "அதென்ன விண்டோஸ்?" என்று கேட்பதுண்டு. பாடசாலைப் புத்தகத்தில் இதைப் பணிசெயல் முறைமை என்பார்கள். இயங்குதளம் என்றும் எழுதுவார்கள். காலையில் பிரட்டுக் களத்தில் நின்று யாருக்குக் கொழுந்து மலை, யாருக்குக் கவ்வாத்து, யாருக்குப் புல்லு வெட்டு என்று பிரித்துக் கொடுக்கிற ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? எல்லாரும் கத்தியும் கூடையுமாக நிற்பார்கள், வேலை நடக்காது. கணனிக்குள் அந்தப் பிரட்டை நடத்துவது விண்டோஸ். பிரின்டருக்கு வேலை சொல்வது, கீபோர்டில் அமுக்கியதை வாங்குவது, பைலை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது எல்லாம் அதுதான். ஒவ்வொரு கருவிக்கும் அதனுடைய பாஷை உண்டு. அந்தப் பாஷையை விண்டோஸுக்கு மொழிபெயர்க்கும் சிறு மென்பொருளுக்கு ட்ரைவர் என்று பெயர். விண்டோஸ் மாறும்போது மொழிபெயர்ப்பாளர் புதுப் பாஷையைப் படிக்காமல் இருந்தால் கருவி ஊமையாகி விடும். ஸ்டிக்கர் இயந்திரத்துக்கு நடந்தது இதுதான்.

பழையதற்குத் திரும்ப நினைப்பது ஒன்றும் வெட்கப்படுகிற காரியமில்லை. 2007 ஜனவரி 30ஆந் திகதி விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது, அதை வாங்கிய பலர் எக்ஸ்பீதான் வேண்டும் என்று நின்றார்கள். அதே வருடம் ஏப்ரலில் டெல் கம்பனி வீட்டுக் கணனிகளில் மறுபடி எக்ஸ்பீ போட்டு விற்கத் தொடங்கியது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் இடது மூலையிலிருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்து விட்டார்கள். ஜனங்கள் போட்ட சத்தத்தில் 2013 ஒக்டோபரில் 8.1இல் அந்தப் பொத்தானைத் திரும்ப வைத்தார்கள். செய்த கம்பனியே பின்னால் கால் வைத்திருக்கிறது. ஆகவே எதற்காகத் திரும்புகிறோம், எவ்வளவு தூரம் திரும்புகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. தவறு எங்களுடையது. 2020 ஜனவரி 14இல் விண்டோஸ் 7க்கான திருத்தங்கள் நின்ற பிறகு, நாங்களும் புதிதாக விண்டோஸ் 10 போட்டோம். போட்ட மறுநாள் பழைய கடிதங்களைத் திறந்தால் எல்லாம் கோணல். ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாகி, கையொப்ப இடம் அடுத்த தாளுக்குப் போயிருந்தது. "இது நம்ம வேலைக்கு ஆகாது, பழைய ஏழே போடுங்க" என்று நாங்களே சொன்னோம். போட வந்தவர் டிஸ்கை அழித்துப் போட்டார். கடிதங்கள் எல்லாம் 'டொக்கியுமென்ட்ஸ்' போல்டரில் இருக்கும் என்று நினைத்து அதை மட்டும்தான் கொப்பி எடுத்திருந்தோம். இரண்டு வருடமாக ஓய்வு பெற்ற தொழிலாளருக்கு ஊழியர் சேமலாப நிதி பற்றி நாங்கள் எழுதிய கடிதங்கள் திரையின் முகப்பில், 'டெஸ்க்டொப்'பில் கிடந்தன. அத்தனையும் போய்விட்டது. முட்டி வலியோடு மலையிறங்கி வந்து ஏற்கெனவே ஒரு தரம் விபரம் சொன்ன அம்மாமார்கள், மறுபடி இறங்கி வந்து அதே விபரத்தைச் சொன்னார்கள். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. அதுதான் எங்களுக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

கடிதம் கோணியதற்குக் காரணம் என்ன தெரியுமா? லதா என்ற தமிழ் பொன்ட். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த எழுத்து அது. விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போடும்போது அது தானாக வருவதில்லை. அதன் இடத்தில் நிர்மலா என்ற வேறு எழுத்து வந்து உட்காரும். இரண்டின் அகலமும் ஒன்றல்ல, அதனால் வரிகள் நகர்கின்றன. செட்டிங்ஸுக்குள் போய் 'ஒப்ஷனல் பீச்சர்ஸ்' என்ற இடத்தில் 'தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் லதா வந்துவிடும். இன்டர்நெட் இருந்தால் சில நிமிட வேலை. அதற்காக இரண்டு வருடக் கடிதங்களைக் கொடுத்தோம்.

இந்தக் கதையை முதலாளியிடம் சொன்னோம். பிளேன்டீ வந்தது. அவர் சொன்னார்: "நீங்க சொல்றது சரி. ஆனா எனக்குப் பதினொண்டும் வேணாம், பத்தும் வேணாம். ஏழு நல்லா இரிந்திச்சு. பாமினியும் அதிலதான் ஒழுங்கா அடிபடும்."

பாமினி விஷயத்தில் கிழக்கிலும் மலையகத்திலும் ஒரே பயம்தான். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டி வைத்த பொன்ட். 'எம்' அமுக்கினால் 'அ' வரும். 'கே' அமுக்கினால் 'ம' வரும். கணனியைப் பொறுத்தவரை அது இன்னும் ஆங்கிலம்தான். நம் கண்ணுக்குத்தான் தமிழ். யூனிகோட் அப்படியல்ல, அதில் தமிழ் எழுத்துக்குத் தனி எண்ணே உண்டு. எந்த விண்டோஸ் என்றாலும் பாமினி பொன்ட் பைலைக் கொண்டு போய்ப் போட்டால் வேர்ட்டில் பழையபடியே அடிக்கலாம், 11இலும் அடிக்கலாம். தம்பி அங்கேயே ஒரு பழைய அழைப்பிதழைத் திறந்து காட்டினார், எழுத்து ஒன்றும் உடையவில்லை. ஆகவே பாமினிக்காகப் பின்னால் போக வேண்டியதில்லை. பொன்ட் பைல்களைத் தனியே ஒரு பென்ட்ரைவில் எடுத்து வைத்தால் போதும்.

அடுத்தது மெதுவாக ஓடுவது. பெரிய மாற்றத்துக்குப் பின் முதல் சில நாட்கள் கணனி பின்னணியில் பைல்களை வரிசைப்படுத்தும், திருத்தங்களை இறக்கும், அதனால் இழுக்கும். அது தானாக அடங்கும். ஆனால் இந்தக் கணனியில் இருந்தது சுழல்கிற பழைய வகை ஹாட் டிஸ்க், ராம் 4 ஜீபீ. விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது அவ்வளவு போதும் என்று சொல்லப்பட்டாலும், கடை வேலைக்குப் போதாது. எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டு ராமை 8 ஆக்கினால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். விண்டோஸை மாற்றி இந்த வியாதியைத் தீர்க்க முடியாது.

பிரின்டரை நீக்கி, செய்த கம்பனியின் 64 பிட் ட்ரைவரை இறக்கி மறுபடி சேர்த்தோம், வேலை செய்தது. ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருக்கிறது என்ற குறைக்கு டாஸ்க்பாரை இடது பக்கம் தள்ளும் வசதி செட்டிங்ஸிலேயே உண்டு. பழக்கத்தால் வரும் எரிச்சலையும் வேலையை நிறுத்துகிற பழுதையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. முதலாளி சொன்ன ஐந்து குறையில் நான்கு அன்று பின்னேரமே தீர்ந்துவிட்டது, அல்லது தீர்க்கும் வழி தெரிந்துவிட்டது.

ஐந்தாவது ஸ்டிக்கர் இயந்திரம். அது தீரவில்லை. ட்ரைவரை மூன்று தரம் போட்டோம், நிற்கவில்லை. புது ட்ரைவரும் கிடைக்கவில்லை. இது பழக்கமுமல்ல எரிச்சலுமல்ல, வருமானம். இப்படி ஒன்று இருக்கும்போது திரும்புவது நியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

எவ்வளவு தூரம்? 11இலிருந்து 10க்கா, அல்லது முதலாளி கேட்ட 7க்கா?

நம் ஆட்களுக்கு விளங்கும்படி சொன்னால், பழைய வித்துத் தேயிலையைப் பிடுங்கி வீபீ கன்று வைப்பது போலத்தான் இந்த மாற்றம். வித்தியாசம் என்னவென்றால், விண்டோஸ் 11 வரும்போது பழைய செடியைப் பிடுங்கி எரித்து விடாமல் பக்கத்தில் வேரோடு வைத்திருக்கும். அதன் பெயர் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற போல்டர். மாற்றிய நாளிலிருந்து 10 நாள் வரைக்கும் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி என்று போனால் 'கோ பேக்' என்ற பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் பழைய விண்டோஸ் பழைய இடத்துக்கே வரும். உங்கள் பைல்கள் இருக்கும். இடையில் புதிதாகப் போட்ட மென்பொருள்கள் மட்டும் போய்விடும். 10 நாள் கழிந்தால் அந்தப் போல்டர் தானாக அழிக்கப்படும், பொத்தானும் மறையும். நாளை 60 வரை நீட்ட ஒரு கட்டளை உண்டு, ஆனால் அந்த 10 நாளுக்குள் கொடுத்தால்தான் பலன்.

நாங்கள் போன அன்று ஏழாவது நாள். இதில் ஒரு திகிலும் நடந்தது. டிஸ்க் நிறைந்து விட்டது, அதனால்தான் மெதுவாக இருக்கிறதென்று தம்பி அன்று காலை பெரிய போல்டர்களைத் தேடி அழித்துக் கொண்டிருந்திருக்கிறார். 'விண்டோஸ்.ஓல்ட்' 20 ஜீபீக்கு மேல். பெயரிலேயே பழையது என்றிருக்கிறது, வேண்டாததாக்கும் என்று அதன் மேல் மவுஸை வைத்திருக்கிறார். எங்கள் பஸ் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். பிள்ளைகளே, அந்தப் பெயரில் போல்டர் கண்டால் கை வைக்க வேண்டாம்.

7க்குப் போவது வேறு கதை. அதற்குப் பொத்தான் கிடையாது. டிஸ்கை அழித்து முதலிலிருந்து போட வேண்டும். இன்டெல் 7ஆந் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான சிப்புகளில் விண்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட் ஆதரவே தரவில்லை. பழைய 7 டிஸ்கில் யூஎஸ்பி 3 ட்ரைவர் இல்லாததால், புதுக் கணனியில் போடும்போது மவுஸும் கீபோர்டும் பாதியிலேயே உயிரற்றுப் போவதுண்டு. குரோம் பிரவுசர் 2023இன் தொடக்கத்தில் 7ஐக் கைவிட்டது, அதற்குப் பிந்திய பதிப்பு அதில் ஓடாது. ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிற கடைக்கு இது சின்ன விஷயமா?

இதையெல்லாம் விடப் பெரியது பாதுகாப்பு. 2017 மே 12ஆந் திகதி வொன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் பூராவும் பரவியது. பைல்களைப் பூட்டி வைத்து, காசு தந்தால் திறப்போம் என்றது. இங்கிலாந்தின் அரச ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் தடைப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், கொடுத்திருந்தது. போடாதவர்கள் அகப்பட்டார்கள். அதிகம் அகப்பட்டது விண்டோஸ் 7 கணனிகள். அன்றைக்கு 7க்குத் திருத்தம் வந்து கொண்டிருந்தது. இன்றைக்கு வருவதில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஸ்கேன் பண்ணுகிற கணனியில் ஊராருடைய தாள்கள் கிடக்கின்றன. அது நம்முடைய சொத்து மட்டுமல்ல.

போட வருகிற ஆள் கொண்டு வரும் டிஸ்க் களவுப் பிரதியாக இருந்தால் அதற்குள்ளேயே வைரஸ் வரலாம். கணனி மென்பொருளும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அடங்கும் என்பதையும் கடைக்காரர்கள் தெரிந்திருப்பது நல்லது.

"அப்ப பத்துக்கும் திருத்தம் நிண்டுட்டுத்தானே?" என்று முதலாளி மடக்கினார். நல்ல கேள்வி. வீட்டுப் பாவனைக் கணனிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருவதாக மைக்ரோசொப்ட் 2025இல் அறிவித்தது. அதற்குப் பெயர் பதிய வேண்டும். மைக்ரோசொப்ட் கணக்கில் செட்டிங்ஸைச் சேமிக்க விட்டால் இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர் அளவு. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். ஆகவே 10க்குத் திரும்புகிறவருக்கு ஏறக்குறைய ஒரு வருட அவகாசம் இருந்தது. 7க்குத் திரும்புகிறவருக்கு ஒரு நாளும் இல்லை.

முதலாளி தாடியைத் தடவிக் கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "சரி, பத்துக்குப் போங்க. அந்த ஆள வர வேணாமெண்டு நான் சொல்றன்" என்றார்.

அன்றிரவே பொத்தானை அமுக்கவில்லை. எங்கள் பழைய தவறு நினைவிருந்தபடியால் முதலில் கொப்பி எடுத்தோம். வெளி ஹாட் டிஸ்க் ஒன்று இரவல் வாங்கி டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், 'டி' டிரைவ், பொன்ட் பைல்கள் எல்லாம் ஏற்றினோம். ஏற்றியதில் பத்துப் பைலை வேறு கணனியில் திறந்தும் பார்த்தோம். கொப்பி போகிறது என்று திரை சொன்னால் மட்டும் நம்பக் கூடாது. பிறகு பழைய பாஸ்வேர்ட் தம்பிக்கு ஞாபகமிருக்கிறதா என்று கேட்டோம், திரும்பிப் போனதும் முன்பிருந்த பாஸ்வேர்ட்டைத்தான் அது கேட்கும். புதிய கணனிகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதுண்டு, பிட்லொக்கர் என்பார்கள். அதற்கு 48 இலக்கம் கொண்ட மீட்புத் திறப்பு ஒன்று இருக்கும். அதை எழுதி வைக்காமல் இப்படியான வேலையில் இறங்கினால் சொந்த வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டி வரும். இந்தக் கணனி பூட்டப்படவில்லை, பார்த்துக் கொண்டோம்.

ஞாயிறு காலை, எட்டாவது நாள், தம்பி கையாலேயே அமுக்கச் சொன்னோம். கரண்ட் போகக் கூடாதே என்று எல்லாருக்கும் பயம். முக்கால் மணித்தியாலத்தில் பழைய திரை வந்தது. இயந்திரத்தில் ஒரு துண்டு ஸ்டிக்கர் வெட்டிப் பார்த்தார்கள், வெட்டியது. பிரின்டர் ட்ரைவரை மறுபடி போட வேண்டியிருந்தது. பிறகு திருத்தத்துக்குப் பெயர் பதிந்தோம்.

மூலையில் கிடந்த பழைய 7ஐ என்ன செய்வது என்ற பேச்சும் வந்தது. அதை அப்படியே வைக்கச் சொன்னோம், ஆனால் இன்டர்நெட் வயரைக் கழற்றி. ஸ்டிக்கர் இயந்திரத்தின் பழைய ட்ரைவர் அதில் ஓடினால், இயந்திரத்தை அதற்கே மாற்றி விட்டுப் பெரிய கணனியை நிம்மதியாக 11க்குக் கொண்டு போகலாம். பழைய விண்டோஸ் ஒரே வேலைக்கு, வெளித் தொடர்பில்லாமல், வாடிக்கையாளர் தாள் ஒன்றும் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பென்ட்ரைவைச் சோதிக்காமல் அதில் குத்தக் கூடாது, அவ்வளவுதான்.

சம்பளத்தில் பிடிக்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஆனால் கேட்காமல் பொத்தான் அமுக்கியது பிழை என்று தம்பியிடம் நாங்கள் தனியாகச் சொன்னோம். முதலாளியும் சொன்னார், கொஞ்சம் கூடுதலாகவே.

வீட்டு வேலை: உங்கள் வீட்டிலோ தோட்டப் பாடசாலையிலோ உள்ள கணனியில் விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அமுக்குங்கள். வரும் சிறு பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் என்ற ஆறு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று காட்டும். அதை ஒரு தாளில் எழுதி, அந்தக் கணனியில் மட்டுமே உள்ள, வேறெங்கும் கொப்பி இல்லாத பைல்கள் எவை என்று கீழே எழுதுங்கள். தாளை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.